வந்தோர் வேரூன்றும் வழி: அறிஞர் சித்திலெப்பையின் வாழ்வு மலையகத்துக்கு உணர்த்துவது

மடுல்சீமையின் பெயர் உலகத் தாவர நோயியல் வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை எம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டோம். 1869 ஆம் ஆண்டு, இம்மலைச் சரிவிலிருந்த கல்லூல தோட்டத்தின் கோப்பி இலைகளில் துரு நிறப் பொட்டுகள் தென்பட்டன. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தொழித்த பங்கசு நோய் இந்நாட்டில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது அங்கேதான். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அறிஞர்கள் அந்த இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோதே நோய் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து தேயிலை வந்தது. இன்று நாம் காணும் மடுல்சீமை அந்த மாற்றத்தின் பிள்ளை.

அதே 1869 ஆம் ஆண்டில் வேறு இரு நிகழ்வுகளும் இடம்பெற்றன. நவம்பர் மாதத்தில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. எகிப்துக்கும் இலங்கைக்கும் இடையே கப்பற் பயணம் எளிதாயிற்று. கொழும்பிலே பாபா யூனுஸ் சல்தீன் என்னும் மலாயர், அறபு எழுத்தில் மலாய் மொழியை அச்சிட்டு 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை வெளியிட்டார். மலாய் மொழிப் பத்திரிகை வரலாற்றின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. மலாய்ப் பத்திரிகை மலாயாவில் வேர்விடுவதற்கு முன்பே இலங்கையில் வெளிவந்தது என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

அவ்வாண்டில் கண்டி நகரில் முப்பத்தொரு வயதுடைய சட்டத்தரணி ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கோப்பி நோய், சுயெஸ் கால்வாய், பத்திரிகை அச்சு ஆகிய மூன்றும் அவருடைய வாழ்வைப் பின்னர் வெவ்வேறு வகையில் தொட்டன. அவரே முகம்மது காசிம் சித்திலெப்பை. அறபு வழித்தோன்றல் என்ற மரபுரிமையையும் தமிழ் என்ற மொழியுரிமையையும் ஒருசேரக் கைக்கொண்டு, கடல் கடந்து வந்த ஒரு சமூகம் இந்த மண்ணில் தலைநிமிர்ந்து வாழ வழிகாட்டியவர் அவர். கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையக மக்கள் அவருடைய வாழ்வை மீண்டுமொருமுறை எண்ணிப்பார்ப்பது பொருத்தமானது என்று நாம் கருதுகின்றோம்.

இலங்கைக்கும் அறபு உலகுக்கும் இடையிலான உறவு மிகப் பழையது. வாசனைத் திரவியங்களையும் மணிக்கற்களையும் தேடி வந்த வணிகர்கள் இத்தீவின் துறைமுகங்களில் தங்கினர். 1344 ஆம் ஆண்டு இங்கு வந்த பயணி இப்னு பதூதா, புத்தளத்தில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்குச் சென்றதைத் தமது பயண நூலில் பதிவு செய்தார். 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டது. இந்து சமுத்திர வாணிபத்தில் தமிழ் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதற்கு அக்கல்லே சான்று. மேலைக் கடலிலிருந்து வந்தவர்களும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தென்னிந்தியக் கரைகளிலிருந்து வந்த முஸ்லிம்களும் இங்கே கலந்து வாழ்ந்தனர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். வழிபாட்டு மொழி அறபாகவே நிற்க, வீட்டு மொழி தமிழாயிற்று.

ஊவாவும் இக்கதைக்குப் புறம்பானதன்று. போர்த்துக்கேயர் கரையோரத்தில் கொடுமை செய்தபோது முஸ்லிம்கள் கண்டி அரசின் நிழலை நாடினர். அவர்களிற் பலர் தவள மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக் கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தனர். பாக்கையும் பிற விளைபொருட்களையும் திரும்பக் கொண்டு சென்றனர். கண்டி அரசு வீழ்ந்தபின் 1817 ஆம் ஆண்டு ஆங்கிலேயர், வெல்லஸ்ஸப் பகுதி முஸ்லிம்களைப் பழைய திசாவையின் ஆளுகையிலிருந்து பிரித்து, ஹஜ்ஜி மரைக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக நியமித்தனர். பழைய தலைவர்கள் அதனைத் தங்கள் உரிமையிற் கைவைத்ததாகவே கருதினர். ஹஜ்ஜி முகாந்திரம் கொல்லப்பட்டார். நிலைமையை அறியப் பதுளையிலிருந்து புறப்பட்ட ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். அவ்வாறு மூண்ட கிளர்ச்சியின் முடிவில் ஊவா எரிந்து பாழாயிற்று. மேலே இருக்கும் அதிகாரம் சிறுபான்மைச் சமூகம் ஒன்றுக்கு வழங்கும் பதவி, அச்சமூகத்தை அயலவரின் பகைக்கு ஆளாக்கவும் கூடும் என்ற பாடத்தை இம்மண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது.

இக்கிளர்ச்சி அடங்கி இருபது ஆண்டுகளின் பின், 1838 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆந் திகதி, சித்திலெப்பை கண்டியில் பிறந்தார். அவருடைய குடும்பம் அறபு வழிவந்ததெனத் தன்னைக் கருதியது. அளுத்கமைக் கரையோரத்தைப் பூர்வீகமாகக் கொண்டு கண்டியிற் குடியேறியது. தந்தையார் முகம்மது லெப்பை சித்திலெப்பை, இலங்கை முஸ்லிம்களிடையே முதன்முதல் சட்டத்தரணியானவர் என்று போற்றப்படுகின்றார். வாணிபமே முஸ்லிம்களின் தொழில் என்றிருந்த காலத்தில் சட்டப் புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளரும் வாய்ப்பு மைந்தருக்குக் கிட்டியது.

அவ்வீட்டில் அறபும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயிலப்பட்டன. இளம் சித்திலெப்பை மூன்றிலும் தேர்ச்சி பெற்றார். 1862 இல் சட்டத்தரணியானார். கண்டி மாநகர சபையில் அங்கம் வகித்தார். சில காலம் நீதவானாகவும் கடமையாற்றினார். 1867 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. கோப்பித் துரைமாரும் வணிகரும் வங்கியாளரும் கண்டியில் நிறைந்திருந்தனர். காணி வழக்குகளுக்கும் கடன் வழக்குகளுக்கும் குறைவிருக்கவில்லை. ஒரு சட்டத்தரணி செல்வம் சேர்ப்பதற்கு அதைவிட உகந்த காலமும் இடமும் வாய்த்திருக்க முடியாது.

ஆயினும் நீதிமன்றத்தில் அவர் கண்ட காட்சிகள் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. வாணிபத்தில் வல்லவர்களான தம் சமூகத்தினர் கையொப்பமிடும் பத்திரத்தை வாசிக்க அறியாதிருந்தனர். ஆங்கிலப் பாடசாலைகள் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் பெற்றோர் அவற்றை ஒதுக்கினர். பள்ளிவாசல்களை ஒட்டிய ஓதற்பள்ளிகளில் பிள்ளைகள் குர்ஆனை ஓதக் கற்றனர். உலகியற் கல்வி அங்கே இடம்பெறவில்லை. அரசாங்க உத்தியோகங்களிலும் தொழில்சார் துறைகளிலும் ஏனைய சமூகங்கள் முன்னேற, முஸ்லிம்கள் கடைத்தெருவோடு நின்றுவிட்டனர். அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அச்சத்தின் விலை ஒரு தலைமுறையின் எதிர்காலமாக இருந்தது. சமயத்தைக் காத்துக்கொண்டே நவீன கல்வியைப் பெறும் பாடசாலைகளைச் சமூகமே அமைத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்து அப்பணியில் முழுமையாக இறங்கினார்.

பாடசாலை அமைப்பதற்கு முன் அதன் தேவையை மக்கள் உணர வேண்டும். அதற்கு ஒரு பத்திரிகை வேண்டும். 1882 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது. அது தமிழ்ப் பத்திரிகை. இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அறபு வழித்தோன்றல் என்ற பெருமையை உடையவர், அறபில் புலமை பெற்றவர், தம் சமூகத்தோடு பேசத் தேர்ந்தெடுத்த மொழி தமிழே. தாய்மார் தாலாட்டுவதும் கடையில் கணக்குச் சொல்வதும் தமிழில் என்னும்போது, அறிவூட்டலும் அம்மொழியிலேயே நிகழ வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். உலகச் செய்திகள், கல்வியின் அவசியம், சமூகத்தில் மண்டிக்கிடந்த வீண் செலவுகள், அரசாங்கச் சட்டங்களின் பொருள் என்பன அப்பத்திரிகையில் இடம்பெற்றன.

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களில், 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து ஒரு கப்பல் கொழும்பை அடைந்தது. ஆங்கிலேயர் 1882 இல் எகிப்தைக் கைப்பற்றியபோது அவர்களை எதிர்த்துப் போராடித் தோற்ற அஹமத் ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் நாடுகடத்தப்பட்டு அதில் வந்திறங்கினர். முஸ்லிம்கள் அவர்களைப் பெருந்திரளாக வரவேற்றனர். அந்நிய ஆட்சி ஒரு தேசத்தை எப்படி விழுங்கும் என்பதை நேரிற் கண்டவர் ஒராபி. நவீன கல்வியின்றி முஸ்லிம் சமூகம் உய்ய முடியாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். கண்டியின் சட்டத்தரணியும் எகிப்தின் படைத்தலைவரும் நண்பர்களாயினர். சித்திலெப்பை தனியொருவராகச் சொல்லிவந்த கருத்துக்கு, மக்கள் மதிக்கும் ஒரு பெரும் பெயரின் துணை கிடைத்தது.

1885 இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்த வேளை அது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாக அது மதிக்கப்படுகின்றது. எகிப்தின் உயர்குடியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வியாலும் நற்குணத்தாலும் உயர்ந்து, ஈற்றில் தன் பெற்றோரைக் கண்டடையும் இளைஞன் ஒருவனின் கதை அது. பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்தவன் வேறு மண்ணில் கற்று உயர்கின்றான் என்ற அக்கதையின் உள்ளுறை, கடல் கடந்து வந்த ஒரு சமூகத்தின் வாசகர்களுக்குத் தம் கதையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இதே போன்றதொரு வரலாறு மலாய் நாடுகளிலும் நிகழ்ந்தது. யெமன் தேசத்தின் ஹள்ரமௌத் பகுதியிலிருந்து வணிகராகவும் மார்க்க அறிஞராகவும் புறப்பட்ட அறபுக் குடும்பங்கள், தென்கிழக்காசியத் துறைமுகங்களில் குடியேறின. ஆண்கள் மலாய்ப் பெண்களை மணந்தனர். பிள்ளைகள் மலாய் பேசி வளர்ந்தனர். 1867 ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த செய்யித் ஷேக் அல்-ஹாதி அவ்வழி வந்தவர். தந்தை வழி ஹள்ரமௌத் அறபியர். தாய் வழி மலாயர். 1906 இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'அல்-இமாம்' பத்திரிகையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அறபு எழுத்தில் மலாய் மொழியைப் பொறிக்கும் அப்பத்திரிகை, கல்விச் சீர்திருத்தத்தை வலியுறுத்தியது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் புதுமுறை மதரஸாக்களுக்கு அவர் உழைத்தார். 1920 களில், எகிப்தைக் களமாகக் கொண்டு, ஃபரீதா ஹனூம் என்ற பெண்ணின் கதையை மலாய் மொழியில் நாவலாக வெளியிட்டார்.

பத்திரிகை, பாடசாலை, எகிப்தைக் களமாகக் கொண்ட நாவல் என்ற மூன்றும் இவ்விருவரின் வாழ்விலும் ஒத்துநிற்பதைக் காண்கின்றோம். சித்திலெப்பை அல்-ஹாதிக்கு ஒரு தலைமுறை மூத்தவர். இருவரும் தம் மூதாதையரின் நாட்டைக் கனவிலும் கதையிலும் வைத்துக்கொண்டனர். தம் காலடி மண்ணின் மொழியையே கருவியாக்கிக் கொண்டனர்.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. மலாய் நாட்டிற் குடியேறிய அறபியருக்கு, அங்குள்ள பெரும்பான்மை மக்களின் சமயமும் இஸ்லாமாகவே இருந்தது. மணவுறவும் வழிபாடும் மொழியும் ஒரே திசையில் அவர்களை இழுத்துச் சென்றன. ஓரிரு தலைமுறைகளில் அவர்களிற் பலர் மலாய்ச் சமுதாயத்தோடு கலந்தனர். பெயருக்கு முன்னுள்ள செய்யித் என்ற பட்டமே வம்சத்தை நினைவூட்டி நின்றது. இலங்கையிலோ சோனகரின் மொழி ஒரு சமூகத்தோடும், வாழிடம் பெரும்பாலும் வேறொரு சமூகத்தோடும், சமயம் எவரோடும் சேராமலும் அமைந்தது. தமிழ் பேசினர், தமிழர் என்று தம்மைக் கருதவில்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்ந்தனர்; சிங்களவராகவும் ஆகவில்லை. ஆகவே கலந்து கரைந்துவிடும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. தனித்து நின்றே மதிப்போடு வாழும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சித்திலெப்பையின் பணி அல்-ஹாதியின் பணியைவிடக் கடினமானதாக அமைந்தமைக்கு இதுவே காரணம்.

அவ்வழி பாடசாலையின் ஊடாகவே செல்லும் என்று அவர் நம்பினார். ஊர் ஊராகச் சென்றார். கண்டியிலும் அயல் நகர்களிலும் முஸ்லிம் பாடசாலைகள் எழ முயன்றார். பெண்களுக்கெனவும் கண்டியில் பாடசாலை ஒன்றை நிறுவினார். பெண் பிள்ளையை வாசற்படி தாண்டவிடாத காலத்தில் அது துணிகரமான செயல். மாணவருக்கான நூல்கள் இல்லாதிருந்தபடியால் அவற்றையும் தாமே எழுதினார். ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு முரணானது என்று எண்ணியவர்கள் அவரை எதிர்த்தனர். உறுதியளித்த செல்வந்தர்கள் பின்வாங்கினர். 1884 ஆம் ஆண்டளவில் கொழும்பில் தொடங்கிய முதல் முயற்சி நிலைக்கவில்லை.

காலமும் அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. மடுல்சீமையில் இலைப்பொட்டாகத் தொடங்கிய நோய், எண்பதுகளில் நாட்டின் முதுகெலும்பை முறித்திருந்தது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, கோப்பியை நம்பியிருந்த வணிகம் தளர்ந்தது. வணிகரின் நன்கொடையை நம்பிப் பாடசாலை அமைக்க முனைந்தவருக்கு இதனைவிடச் சோதனையான காலம் வேறெது? தம் சொந்தப் பொருளையே அவர் செலவிட்டார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தே பலன் கிட்டியது. கொழும்பு நூதனசாலையைக் கட்டியெழுப்பிய புகழ்பெற்ற கட்டட நிர்மாணகர் வாப்பிச்சி மரைக்கார் துணை நின்றார். ஒராபி பாஷாவின் ஆதரவும் இருந்தது. 1892 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22 ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் 'அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா' தொடங்கப்பட்டது. அதுவே இன்று நாடறிந்த கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. சட்டத்தரணிகளையும் மருத்துவர்களையும் அறிஞர்களையும் அரசியல் தலைவர்களையும் அக்கல்லூரி பின்னர் உருவாக்கியது. பின்னாளில் ரி.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ் ஆகியோர் அதன் அதிபர்களாக விளங்கினர். ஜாயா மலாயர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. அறபு வழித்தோன்றலும் எகிப்தியரும் விதைத்ததை மலாயர் ஒருவர் வளர்த்தெடுத்தார்.

இடையே மொழியும் இனமும் பற்றிய ஒரு விவாதம் எழுந்தது. சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாக விளங்கிய பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மாத்திரம் வேறுபட்டவர் என்று வாதிட்டார். 1888 ஆம் ஆண்டு றோயல் ஆசிய சங்கத்தில் கட்டுரையாகவும் அதனை முன்வைத்தார். மொழி, தோற்றம், பழக்கவழக்கம் ஆகியவற்றின் ஒற்றுமையை அவர் சான்றாகக் காட்டினார். முஸ்லிம்களோ அதனைத் தமக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைப்பதைத் தடுக்கும் முயற்சியாகவே கண்டனர். சித்திலெப்பையும் அக்கருத்தை ஏற்கவில்லை. 1889 இல் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் வழங்கப்பட்டு எம்.சி. அப்துல் றகுமான் நியமனம் பெற்றார். சித்திலெப்பையின் மறைவுக்குப் பின்னரும் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இவ்விவாதத்தைத் தொடர்ந்தார்.

இவ்விவாதத்தில் யார் சரி என்று இன்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. இராமநாதன் சுட்டிய மொழி ஒற்றுமை உண்மையானதே. அதே வேளை, ஒரு சமூகம் தன்னை என்ன பெயரால் அழைக்க விரும்புகின்றது என்பதை அயலவர் தீர்மானிக்க முடியாது என்பதும் உண்மையே. அவ்வுரிமையைக் கோரிய காலத்திலும் சித்திலெப்பை தமிழைக் கைவிடவில்லை என்பதே எமது கவனத்துக்குரியது. தமிழரோடு கருத்து மாறுபட்டபோதும் தமிழிலேயே மாறுபட்டார். மொழி எவருக்கும் தனியுடைமையன்று, பேசுவோர் அனைவருக்கும் உரியது என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் நிறுவினார்.

பத்திரிகை நின்றபின் 'ஞானதீபம்' என்ற சஞ்சிகையை நடத்தினார். இறுதிக் காலத்தில் மெய்ஞ்ஞான விசாரணையில் ஈடுபட்டு 'அஸ்றாறுல் ஆலம்' என்ற நூலை எழுதினார். உலகியற் கல்விக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் ஆன்மிகத்தை ஒருபோதும் இழக்கவில்லை. 1898 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5 ஆந் திகதி, அறுபது வயது நிறைவதற்கு முன்பே, அவர் காலமானார். 1977 இல் இலங்கை அரசாங்கம் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1901 இல், மன்னிப்புப் பெற்ற ஒராபி பாஷா எகிப்துக்குத் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தும், அவருடைய நாடு எகிப்தாகவே இருந்தது. அவர் அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை இலங்கை முஸ்லிம்கள் விரும்பி அணிந்தனர். நெடுங்காலம் அது அவர்களின் அடையாளமாக விளங்கியது. ஆனால் அத்தொப்பிக்குக் கீழே பேசப்பட்ட மொழி தமிழாகவே இருந்தது. நாடு திரும்பக் காத்திருந்தவருக்கும், இதுவே நாடு என்று ஏற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இவ்வரலாற்றை மடுல்சீமையிலிருந்து பார்க்கும்போது எமக்குத் தோன்றும் எண்ணங்கள் பல. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே காட்டு வழி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இங்கு வாழும் மக்கள். பசறைக் கடைத்தெருவிலும் தோட்ட நகர்களிலும் முஸ்லிம் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் தமிழிலேயே கொடுக்கல் வாங்கல் செய்து வந்தனர். இரு சாராருமே கடல் கடந்து வந்தோரின் மரபினர். ஆயினும் இருவரின் வரலாறும் ஒன்றுபோல் அமையவில்லை.

வணிகராக வந்தவர்களுக்கு நடமாடும் சுதந்திரமும் சொந்தத் தொழிலும் இருந்தன. தொழிலாளராக வந்தவர்கள் லயன் அறைக்குள்ளும் கங்காணியின் கடன் கணக்குக்குள்ளும் கட்டுண்டனர். சித்திலெப்பை பாடசாலைக்காக அலைந்த அதே எண்பதுகளில், தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அலைய எவரும் இருக்கவில்லை. தோட்டங்களில் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைப் பின்னாளில் வந்த கல்விச் சட்டங்களே தோட்ட நிருவாகங்களின் மீது சுமத்தின. அதுவும் எழுத்தறிவோடு நின்றது. தொழிலாளருக்கெனப் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' 1924 இலேதான் வந்தது. 'முஸ்லிம் நேசன்' பிறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து பலர் கண்ணீரோடு விடைபெற்றனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி எழுபதுகளிலேயே முன்னெடுக்கப்பட்டது. அதன் பின்னர் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் எழுத்தாளர்களும் லயன்களிலிருந்து எழுந்தனர். ஒரு தலைமுறைக் கல்வி என்ன செய்யும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் காணி என்பது பலருக்கு இன்னும் எட்டாக்கனியாகவே உள்ளது.

சித்திலெப்பையின் வாழ்விலிருந்து மலையகம் கற்கத்தக்க பாடங்கள் மூன்று என நாம் எண்ணுகின்றோம். முதலாவது, வந்த வழியை மறப்பதால் எவரும் வேரூன்றுவதில்லை. வாழும் மொழியில் அறிவை வளர்ப்பதாலேயே வேரூன்றுகின்றனர். இரண்டாவது, அரசாங்கம் தரும் என்று காத்திராமல் சமூகமே தன் பாடசாலைக்குப் பொருள் தேட வேண்டும். அதே வேளை அரசாங்கம் தரவேண்டியதைக் கேட்பதையும் விட்டுவிடக் கூடாது. அவர் இரண்டையும் செய்தார். மூன்றாவது, தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை. மலையகத் தமிழர் என்று தம்மை அழைக்குமாறு இம்மக்கள் கேட்பது, அன்று சோனகர் கேட்டதைப் போன்ற நியாயமான கோரிக்கையே. முஸ்லிம்களின் அவ்வுரிமையை மதிக்கும் தமிழரே தமக்கும் அதனைக் கோர முடியும்.

ஒரு சமூகம் வேரூன்றுவதற்குச் சட்டமும் வேண்டும், காணியும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. படித்தாற் போதும், மற்றவை தாமே வரும் என்று உழைத்துக் களைத்த மக்களிடம் கூறுவது எளிய உபதேசமாகவே முடியும். சித்திலெப்பையின் சமூகத்தவருக்குப் பிரஜாவுரிமை அவ்வாறு ஒட்டுமொத்தமாகப் பறிக்கப்படவில்லை, இவர்களுக்குப் பறிக்கப்பட்டது. ஆகவே பாதை அவர்களுடையதைவிட நீண்டது. ஆயினும் நிலைத்து நின்ற தடம் பாடசாலையே என்பதை இரு வரலாறுகளும் காட்டுகின்றன.

மடுல்சீமையின் கோப்பி இலையில் தோன்றிய ஒரு பொட்டு இந்நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. அதே ஆண்டில் கண்டியில் முப்பத்தொரு வயதிலிருந்த சட்டத்தரணியின் எண்ணத்தில் விழுந்த விதை ஒரு சமூகத்தின் தலைவிதியை மாற்றியது. அழிவு இருபது ஆண்டுகளில் வந்து முடிந்தது. ஆக்கம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துகொண்டிருக்கின்றது. பனி மூடிய காலையில் தோட்டப் பாதை வழியே புத்தகப் பையோடு நடந்து செல்லும் மடுல்சீமைச் சிறார்களுக்காக அலைவதற்கு, அவரைப் போன்ற ஒருவர் எம்மிடையே எழ வேண்டும். அப்படி ஒருவர் எழும்போது, அன்று கண்டிச் செல்வந்தர்கள் பின்வாங்கியதைப் போல் நாமும் பின்வாங்காதிருத்தல் எமது கடமையாகும்.